ஷெட்டில் கிடந்த மோட்டார் படகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர் பக்கம் தேயிலை ஃபேக்டரிகளில் இன்ஜின் வேலை பார்த்தவன் நான். படகு வேலை பிறகு தானாக வந்து ஒட்டிக்கொண்டது. எஸ்டேட் குளத்தில் ஓட்டுவதற்கென்று பெரியவர் ஒருவர் ஆசையாக வாங்கியிருப்பார். அவர் காலமாகி, பிள்ளைகள் கோயம்புத்தூருக்கோ வெளிநாட்டுக்கோ போயிருப்பார்கள். படகு மட்டும் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும். இப்படிக் கிடக்கும் படகுகள் இந்த மலையில் நான் நினைத்ததைவிட அதிகம். அவற்றைக் கண்டெடுத்தவர்கள் போனில் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான், அதனால் எழுதி வைத்துவிட்டேன். பின்பலகையில் மாட்டும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின், கார்ப்பரேட்டர், 12 வோல்ட் பேட்டரி என்று இருக்கும் பழைய படகுகளுக்கு இது பொருந்தும்.

அப்பாவோட படகு, பத்து வருஷமா ஓடல. புது பேட்டரி வாங்கி மாட்டி ஒரு செல்ஃப் அடிச்சுப் பார்க்கலாமா அண்ணா?

வேண்டாம். எல்லோரும் செய்கிற முதல் தப்பு இதுதான். பத்து வருஷம் நின்ற இன்ஜினில் சிலிண்டர் சுவர் எண்ணெய் காய்ந்து வறண்டிருக்கும். பிஸ்டன் ரிங் லேசான துருவோடு ஒட்டியிருக்கும். அந்த நிலையில் ஸ்டார்ட்டரை வைத்து முரட்டுத்தனமாகச் சுற்றினால் துருப்பொடியே அரம் மாதிரி சுவரைக் கீறிவிடும். கிடந்த பத்து வருஷத்தில் ஆகாத சேதம் அந்தப் பத்து விநாடியில் ஆகும்.

முதலில் மேல்மூடியைக் கழற்றுங்கள். போன வருஷம் கோத்தகிரிப் பக்கம் ஒரு மூடியைத் தூக்கினேன். ஃப்ளைவீலுக்கும் காயிலுக்கும் நடுவே எலிக்கூடு. சாக்கு நார், கற்பூர மரப்பட்டை, யாரோ கிழித்துப்போட்ட பிஸ்கட் தாள் எல்லாம் பஞ்சுபோல மெத்தையாக இருந்தது. அதற்கு அடியில் போகும் வயர் நாலில் மூன்றின் தோலை எலி சுத்தமாக உரித்துவிட்டிருந்தது. வீட்டுக்காரத் தம்பி கையில் புது பேட்டரியோடு நின்றுகொண்டிருந்தார். மாட்டியிருந்தால் அங்கேயே பற்றியிருக்கும்.

கூட்டைச் சுத்தம் செய்துவிட்டு பிளக் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு மூன்று ஸ்பூன் டூ ஸ்ட்ரோக் ஆயில் விட்டு ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். மறுநாள் ஃப்ளைவீலைக் கையால், அம்புக்குறி காட்டும் பக்கமாகவே சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் அடியில் இருக்கும் தண்ணீர்ப் பம்பின் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லர் மடிந்து ஒடியலாம்.

கையால் சுற்றவே முடியல. சுத்தியல் போட்டுத் தட்டலாமா?

கூடாது. துரு இளக்கும் எண்ணெயை தினம் விட்டு ஒரு வாரம் பொறுங்கள். தினமும் ஃப்ளைவீல் நட்டில் ஸ்பேனர் போட்டு, முன்னும் பின்னும் ஒரு நூல் அளவு அசைகிறதா என்று மட்டும் பாருங்கள். அசைய ஆரம்பித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டு வாரமாகியும் அசையவில்லை என்றால் ஹெட்டைத் திறக்க வேண்டியதுதான்.

செல்ஃப் போட்டால் “டக்” என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஸ்டார்ட்டர் போய்விட்டதா?

பத்தில் எட்டு தடவை ஸ்டார்ட்டர் நன்றாகத்தான் இருக்கும். கரண்ட் அதுவரை போய்ச் சேர்ந்திருக்காது.

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். சார்ஜ் போட்டு சில மணி நேரம் ஆறவிட்ட பிறகு மீட்டரில் 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் முழு சார்ஜ். 12.0 காட்டினால் கிட்டத்தட்டக் காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே சரிந்தால் அந்த பேட்டரியை நம்ப வேண்டாம். வருஷக்கணக்கில் காலியாகக் கிடந்த பேட்டரியின் தகட்டில் சல்பேட் இறுகியிருக்கும். சார்ஜர் போட்டதும் நிறைந்த மாதிரி காட்டும், வேலை கொடுத்ததும் படுத்துவிடும். இதில் குளிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் நல்ல பேட்டரியே தன் இழுப்பில் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். மத்தியானம் ஸ்டார்ட் ஆகிற படகு காலை ஏழு மணிக்கு ஆகாததற்கு பாதிக் காரணம் இதுதான்.

பேட்டரி சரி என்றால் கேபிளைப் பாருங்கள். கண்ணால் பார்த்தது போதாது, மீட்டரால் பார்க்க வேண்டும். மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் குமிழிலேயே வையுங்கள். மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் வைத்தால் கிளாம்பின் கோளாறு மீட்டரில் தெரியாது. கறுப்பு முனையை ஸ்டார்ட்டரின் போல்ட்டில் வைத்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ கரண்ட் தொலைகிறது. அதே மாதிரி பேட்டரியின் நெகட்டிவ் குமிழுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே பாருங்கள். நான் பார்த்த வரைக்கும் கோளாறு அதிகம் ஒளிந்திருப்பது இந்த எர்த் பக்கம்தான். யாரோ இன்ஜினுக்குப் பெயின்ட் அடித்திருப்பார், எர்த் போல்ட்டுக்கு அடியிலும் பெயின்ட் போயிருக்கும். அதை எமரி பேப்பரால் தேய்த்து பளபளப்பான உலோகம் தெரிந்ததும் இறுக்கினால் “டக்” போய் “கிர்ர்” வந்துவிடும்.

டெர்மினலில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால் கேபிள் தோலை அங்கிருந்து இரண்டு அங்குலம் அறுத்துப் பாருங்கள். உள்ளே செம்பு இழை பளிச்சென்று இருக்க வேண்டும். கருகின சேமியா மாதிரி இருந்தால் அந்த நீளத்தை வெட்டி எறியுங்கள். நுனியை மட்டும் சுரண்டி மாட்டுவது வீண்வேலை. புது கேபிள் போடுவதானால் ஈயம் பூசிய செம்பு இழையாகக் கேட்டு வாங்குங்கள், விலை கூடினாலும் பரவாயில்லை.

“டக்” கூட இல்லை. சுத்தமாகச் செத்த மாதிரி இருக்கிறது.

கியர் நியூட்ரலில் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் பல இன்ஜின்களில் செல்ஃப் எடுக்காது. அடுத்து மெயின் ஃப்யூஸ். அதை மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும், கண்ணுக்கு முழுசாகத் தெரியும் ஃப்யூஸ் காலடியில் துருப்பிடித்து விட்டிருக்கும். பிறகு சாவி ஸ்விட்ச். மூன்றும் சரி என்றால் சோலினாய்டு, அதாவது சாவியைத் திருப்பினால் பேட்டரி கரண்டை ஸ்டார்ட்டருக்குத் திறந்துவிடும் ஸ்விட்ச்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது.

முதலில் அந்தச் சிவப்புக் கயிறு. ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் இன்ஜின் தானாக நிற்க, இடுப்பில் மாட்டிக்கொள்ளும் கயிறும் அதன் கிளிப்பும். கிளிப் தன் இடத்தில் இல்லாவிட்டால் பல இன்ஜின்களில் செல்ஃப் சுற்றும், பொறி மட்டும் வராது. இதைச் சொல்வதற்காக எமரால்டு ஊர் வரை பஸ்ஸில் போய்வந்திருக்கிறேன். போன இடத்தில் டீ கொடுத்தார்கள், கூலி கேட்க எனக்கே கூச்சம்.

கிளிப் இருக்கிறதென்றால் பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பு இன்ஜினைத் தொடும்படி வைத்துச் சுற்றிப் பாருங்கள். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. பிளக் துளையில் துணி அடைத்துக்கொள்ளுங்கள். நீலப் பொறி “சட் சட்” என்று விழ வேண்டும். பொறியே இல்லை என்றால், இன்ஜினை அணைப்பதற்காக ஸ்விட்ச்சிலிருந்து வரும் வயரைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது பொறி வந்தால் காயிலும் நல்லது, பொறிக்குக் கரண்ட் கொடுக்கும் மின்பெட்டியும் நல்லது, ஸ்விட்ச்சிலோ அதன் வயரிலோதான் கசிவு. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் புது மின்பெட்டி வாங்கி ஏமாந்தவர்கள் பலர். அந்த வயர் இல்லாமல் இன்ஜின் ஓடிவிட்டால் சாவியால் நிறுத்த முடியாது. சோக்கை முழுக்க இழுத்து மூச்சை அடைத்துத்தான் நிறுத்த வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

பொறி சரியாக இருந்தால் மிச்சம் எரிபொருள். டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறந்தீர்களா? ஹோஸின் நடுவில் இருக்கும் ரப்பர்க் குமிழை அழுத்தினால் கொஞ்ச நேரத்தில் கல்லாக வேண்டும். எவ்வளவு அழுத்தியும் தொளதொளவென்றே இருந்தால் ஹோஸில் வெடிப்பு, அல்லது குமிழின் வால்வு போய்விட்டது. பழைய ஹோஸை வளைத்துப் பாருங்கள், அப்பள நொறுக்கு மாதிரி வெடிக்கும்.

டேங்கில் பழைய பெட்ரோல் பாதி இருக்கிறது. புதுசு கலந்து ஓட்டிவிடலாமா?

முழுதாக வடித்துவிடுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும். நம் ஊர் மஞ்சு, அதாவது மூடுபனி, டேங்கின் காற்றுத் துளை வழியாக உள்ளே போய், ராத்திரிக் குளிரில் டேங்க் சுவரில் வியர்த்து, துளித்துளியாக அடியில் இறங்கும். ஒரு அளவுக்கு மேல் போனால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். இன்ஜின் முதலில் உறிஞ்சுவது அந்த அடித்தண்ணீரைத்தான். வடித்ததைக் கண்ணாடி பாட்டிலில் பத்து நிமிஷம் வைத்தால் நடுவில் கோடு போட்ட மாதிரி தெரியும்.

வடித்ததைச் சாக்கடையிலோ ஓடையிலோ ஊற்றாதீர்கள். இங்கே ஊற்றுவது எங்கோ ஒரு வீட்டுக் குடத்துக்குத்தான் போகிறது. பைக்காரா தண்ணீர் மாயாற்றில் இறங்கி பவானிசாகர் சேர்கிறது, குந்தா பக்கத்துத் தண்ணீர் பவானிக்குப் போகிறது.

புது பெட்ரோலில் ஆயில் அளவு, பெரும்பாலான இன்ஜின்களுக்கு 50-க்கு 1. அதாவது லிட்டருக்கு 20 மில்லி. ரொம்பப் பழசு சிலது 25-க்கு 1 கேட்கும், இன்ஜின் புத்தகமோ டேங்க் மேல் ஒட்டியிருக்கும் தாளோ சொல்லும். பைக்குக்குப் போடும் டூ டி ஆயில் வேண்டாம். தண்ணீரில் குளிரும் படகு இன்ஜினுக்கென்று டிசி-டபிள்யூ3 என்று போட்டு ஒரு ஆயில் இருக்கிறது, அது எரிந்தால் சாம்பல் தங்காது.

கார்ப்பரேட்டரை நானே கழற்றலாமா?

கழற்றலாம், பொறுமை இருந்தால். வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள். ஒவ்வொரு படிக்கும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கிண்ணத்தைத் திறந்ததும் பழைய வார்னிஷ் நெடி மூக்கில் ஏறும். உள்ளே தேன் நிறத்தில் பிசின் படிந்து, மிதவை அதில் ஒட்டியிருக்கும். பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளைத் திருகான ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஊசிமுனை அளவு வட்டம் ஒழுங்காகத் தெரிய வேண்டும், பிறை மாதிரி தெரிந்தால் அடைப்பு. கம்பி விட்டுக் குத்தாதீர்கள். அந்தத் துளையின் அளவுதான் ஜெட்டின் விலையே. கார்ப்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்து காற்றால் ஊதுங்கள். கேஸ்கட்டும் டயஃப்ரமும் புதுசு போடுங்கள்.

தூத்துக்குடியில் வாங்கும்போது பிரமாதமாக ஓடிக் காட்டினார்கள். இங்கே கொண்டுவந்தால் புகை கக்குகிறது, படகு எழும்பவே மாட்டேன் என்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

யாரும் ஏமாற்றவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் பஸ் என்ன திணறு திணறுகிறது, பார்த்திருப்பீர்களே. உங்கள் இன்ஜினுக்கும் ஏற்றம்தான் பிரச்சினை.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2,100-ஐத் தாண்டும். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஆயிரம் அடி ஏறினால் 3 சதவீதம் சக்தி போகும் என்பது மெக்கானிக்குகளின் கைக்கணக்கு. ஊட்டிக்கு 7,300 அடிக்குமேல், ஆக 20 சதவீதத்துக்கு மேல் போச்சு. 25 எச்.பி. என்று வாங்கியது இங்கே 20 கூட இல்லை. இந்த நஷ்டத்தை எந்த மெக்கானிக்காலும் ஈடுகட்ட முடியாது, முடியும் என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

சரிசெய்யக்கூடியவை இரண்டு. ஒன்று கலவை. காற்று மெலிந்துவிட்டது, ஜெட் மட்டும் கடற்கரைக் கணக்குக்கே பெட்ரோல் விடுகிறது. அதனால்தான் கரும்புகையும், ஈரமாகக் கறுத்த பிளக்கும், மெதுவாக விட்டால் அணைந்துபோவதும். இன்ஜின் கம்பெனியின் உயரப் பட்டியலைப் பார்த்து சின்ன நம்பர் மெயின் ஜெட் போட வேண்டும். இரண்டு ப்ரொப்பல்லர். இருக்கிற சக்திக்கு அது பளுவாக இருப்பதால் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தாலும் இன்ஜின் தன் சுற்றை எட்டாமல் முக்கிக்கொண்டே ஓடும். பிட்ச் (ஒரு சுற்றில் முன்னே தள்ளும் தூரம்) ஓரிரு அங்குலம் குறைந்த ப்ரொப்பல்லர் மாட்டினால் மூச்சு வரும். ஒரு அங்குலம் குறைத்தால் நிமிஷத்துக்கு 150 முதல் 200 சுற்று கூடும்.

சின்ன ஜெட் போட்ட இன்ஜினை யாருக்காவது சமவெளியில் விற்றால் சொல்லி விற்றுவிடுங்கள். அங்கே கனத்த காற்றில் பெட்ரோல் போதாமல் போகும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்தால் கூடவே போகிற ஆயிலும் குறையும். பிஸ்டன் சூடேறிப் பொத்துப்போகும்.

கம்ப்ரஷன் கேஜில் 90 பவுண்டுதான் காட்டுகிறது. புத்தகத்தில் 120 போட்டிருக்கிறது. ரிங் மாற்றணுமா?

இதில் நானே சறுக்கினவன். படகு வேலைக்குப் புதுசாக வந்த சமயம், ஒரு எஸ்டேட் இன்ஜினில் இரண்டு சிலிண்டரும் 90-ஐ ஒட்டிக் காட்டியது. ரிங் போச்சு என்று சொல்லி, பார்ட்ஸ் வரவழைத்து, பிரித்துப் புது ரிங் போட்டுப் பூட்டினேன். மறுபடி கேஜ் வைத்தால் 92. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. கேஜ் அளப்பது வெளியே இருக்கும் காற்றை இன்ஜின் எவ்வளவு அமுக்குகிறது என்பதைத்தானே. வெளிக்காற்றே முக்கால்தான் என்றால், கடற்கரையில் 120 காட்டுகிற ஆரோக்கியமான இன்ஜின் ஊட்டியில் 90 சொச்சம்தான் காட்டும். எஸ்டேட் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார், கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதனால் இங்கே மொத்த எண்ணைப் பார்த்து பயப்பட வேண்டாம். சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம் பாருங்கள். 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஒன்று 90, இன்னொன்று 60 என்றால்தான் பிரிக்க வேண்டும்.

மீனவர்களிடமிருந்து வாங்கிய இன்ஜின். வேறு எதைப் பார்க்கணும்?

அது மண்ணெண்ணெய் மாடலா என்று முதலில் கேளுங்கள். கடற்கரையில் அப்படி நிறைய ஓடுகின்றன. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அதற்காகவே அவற்றில் கம்ப்ரஷன் குறைவாக வைத்திருப்பார்கள். ஏற்கெனவே காற்று மெலிந்த ஊரில், குளிரில், அது இன்னும் சோம்பேறி. எஸ்டேட் குளத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

உப்பும் உள்ளே உட்கார்ந்திருக்கும். தண்ணீர்ப் பாதையை நல்ல தண்ணீரில் வெகுநேரம் ஓடவிட்டுக் கழுவ வேண்டும். அரிப்பைத் தன் மேல் வாங்கிக்கொள்ள அடியில் ஒரு உலோகக் கட்டி திருகியிருக்கும். கடல் இன்ஜினில் அது துத்தநாகம். நன்னீரில் துத்தநாகம் மேலே படலம் கட்டிச் சும்மா இருந்துவிடும், மெக்னீசியம் கட்டியாக மாற்றுங்கள்.

இன்ஜின் ஓடுகிறது, ஆனால் பின்னால் தண்ணீர் பீச்சவில்லை.

உடனே அணையுங்கள். இம்பெல்லர் ரப்பர் இறக்கைகள் வருஷக்கணக்கில் ஒரே பக்கம் மடிந்து கிடந்து அப்படியே விறைத்திருக்கும். கிடந்த படகில் நல்லது கெட்டது பார்க்காமல் இதை மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிஷம் ஓட்டினாலே புது இம்பெல்லரும் கருகும். அதனால் சோதனை எப்போதும் 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, ப்ரொப்பல்லரைக் கழற்றிவிட்டு. பீச்சும் துளையில் குளவி மண்கூடு கட்டியிருக்கும், ஒரு கம்பி விட்டுப் பார்த்துவிடுங்கள். இங்கே கம்பி விடலாம். ஆகாயத்தாமரை மண்டிய குளமானால் தண்ணீர் உறிஞ்சும் சல்லடையையும் பாருங்கள்.

கியர் ஆயிலை அடித்திருகு வழியாகக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது.

விளக்கு, ஹாரன், அடித்தண்ணீர் இறைக்கும் பம்பு எதுவும் வேலை செய்யவில்லை. வயரிங் முழுக்க மாற்றணுமா?

சின்னப் படகில் பழசைத் துப்பறிவதைவிடப் புதுசாக இழுப்பதே சீக்கிரம் முடியும். இரண்டு மூன்று விளக்கு, ஒரு ஹாரன், ஒரு பம்பு, ஒரு நாள் வேலை. ஒவ்வொன்றுக்கும் தனி ஃப்யூஸ். பம்பு மட்டும் மெயின் ஸ்விட்ச்சைத் தாண்டி நேராக பேட்டரியிலிருந்து, அதற்கும் ஃப்யூஸோடு. மழையில் நிற்கும் படகில் ஆளில்லாதபோதும் அது ஓட வேண்டும். வயரை முறுக்கி டேப் சுற்றுகிற பழக்கத்தைப் படகில் விட்டுவிடுங்கள். இந்த மஞ்சில் டேப் ஆறே மாதத்தில் பிசுபிசுத்து உரியும். பேட்டரி கேபிளை பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டினாலும், இன்ஜின் ஓடும்போது கழற்றினாலும் சார்ஜ் செய்கிற ரெக்டிஃபையர் போய்விடும். ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும், அசையாமல் 12.4-லேயே நின்றால் அது போய்விட்டது என்று பொருள்.

சரிசெய்தபின் ஊட்டி ஏரியிலோ பைக்காராவிலோ ஓட்டலாமா?

அங்கே ஓடுபவை சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுகள். கொடைக்கானல் ஏரி, 1863-இல் கலெக்டர் லெவிஞ்ச் உருவாக்கியது, துடுப்புக்கும் பெடலுக்கும் பேர்போனது. அணைகள் மின்வாரியத்தின் கையில், சுற்றியிருப்பது வனத்துறையின் காடு. அனுமதி இல்லாமல் இறக்கினால் படகும் போகும், அபராதமும் வரும். இயந்திரப் படகுகளுக்கு 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கப்பல்கள் சட்டப்படி பதிவு என்ற விஷயமும் இருக்கிறது, விசாரித்துக்கொள்ளுங்கள். சொந்தக் குளம் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு.

டிரம்மில் அருமையாக ஓடுகிறது. நாளைக்கே குடும்பத்தோடு குளத்தில் இறக்கலாமா?

குடும்பம் கரையில் இருக்கட்டும். முதல் நாள் நீங்களும் நீச்சல் தெரிந்த ஒருவரும் மட்டும், இரண்டு பேரும் மிதவைச் சட்டையோடு. கரையை ஒட்டியே அரை மணி ஓட்டுங்கள். நடுவில் ஒரு தடவை வேண்டுமென்றே அணைத்து, சூடான இன்ஜின் மறுபடி எடுக்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது எடுத்து, சூடானதும் எடுக்காத காயில்கள் உண்டு. அது நடுக்குளத்தில் தெரியவந்தால் சங்கடம். துடுப்பு இரண்டு, முப்பது அடிக் கயிறு, பிளக் ஸ்பேனர், காய்ந்த பிளக் ஒரு ஜோடி கூடவே இருக்கட்டும். மதியம் மூன்று மணிக்கு மேல் இறங்காதீர்கள். மஞ்சு இறங்கிவிட்டால் எதிர்க்கரை எந்தப் பக்கம் என்றே தெரியாது.